பூரான் நஞ்சில் வலிக்கு மருந்து



பூரான் கடித்தால் ஏன் அப்படி எரிகிறது? சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் 2015இல் இதற்கு விடை சொன்னார்கள். மிளகாய்க் காரம் நம் நரம்பில் எந்த வாயிலைத் திறக்கிறதோ, சீனத்துச் செந்தலைப் பூரானின் நஞ்சிலுள்ள ஒரு சிறு புரதமும் அதையேதான் திறக்கிறது. சுடாத இடத்தைச் சுடுவதாக எண்ணி உடம்பு துடிக்கிறது.

அதே நஞ்சில் வலியை அடக்கும் பொருளையும் தேடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. ஆஸ்திரேலியாவின் கிளென் கிங், சீனாவின் ரென் லாய் ஆகியோரின் குழு 2013இல் 46 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத் துண்டைப் பிரித்தெடுத்தது. வலிச் செய்தி நரம்பில் ஏறும் முக்கியமான சோடியம் வழி ஒன்றை அது அடைப்பதாகக் கண்டார்கள். எலிகளுக்குக் கொடுத்தபோது மார்ஃபினுக்கு இணையாக, ஒரு சோதனையில் அதற்கும் மேலாக வேலை செய்தது.

அந்த வழிக்கு ஏன் இத்தனை மதிப்பு? வடக்குப் பாகிஸ்தானில் ஒரு சிறுவன் தெருவில் தீக்கனல்மேல் நடந்து வித்தை காட்டினான். அவனுக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. அவனிலிருந்து தொடங்கி, அதே குறையுள்ள குடும்பங்களை ஆராய்ந்தபோது, பிறவியிலேயே அந்த ஒரு வழி இயங்காததே காரணம் என்று 2006இல் தெரிந்தது. பாவம், சிறு வயதிலேயே அந்தப் பிள்ளை இறந்துபோனான்.

ஆனால் பூரான் நஞ்சின் அந்தப் புரதத் துண்டை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்து பார்த்த வேறொரு குழுவுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மருந்துக் கடைக்கு வரும் பாதை நீளமானது. அதற்காக நான் நம்பிக்கை இழக்கவில்லை. இரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில், பிரேசில் விரியன் நஞ்சைப் படித்ததால் பிறந்தது. கடல் கூம்புநத்தையின் நஞ்சு காட்டிய வழியில் வந்த ஜிகோனோடைட், கடும் வலிக்கான மருந்தாக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நாள்பட்ட வலியோடு வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூரான் பொடி, பூரான் எண்ணெய் என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். ஆய்வாளர்கள் தேடுவது நஞ்சிலிருந்து பிரித்த ஒரே ஒரு மூலக்கூறை. முழுப் பூரானை அல்ல. பூரான் கடித்தால் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மூச்சு திணறினாலோ வீக்கம் பரவினாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.