ஜெனரேட்டர் வாங்கிக் கொடுக்கும் பாசக்காரப் பிள்ளைகளுக்கு...

ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஜெனரேட்டர் வாங்கிக் கொடுப்பது இப்போது பாசத்தின் அடையாளமாகிவிட்டது. முன்பு மிக்சி, அப்புறம் ஏசி, இப்போது இது. லீவுக்கு வருகிறோம், கடைக்குப் போகிறோம், கார்டைத் தேய்க்கிறோம், "இனிமே கரண்ட் போனா கவலையே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுகிறோம். அந்த மெஷின் எங்கே உட்காரும், வீட்டு வயரிங்கில் அதை யார் எப்படிக் கோர்த்தார்கள், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுபது வயதுக்காரர் எப்படிக் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வார் என்பதெல்லாம் நம் கணக்கில் வராது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வைக்க இடமில்லாத வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கிக் கொடுக்காதீர்கள். கோபம் வருகிறவர்கள் திட்டலாம், ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள் :-)

எங்கள் வீட்டிலேயே இது பெரிய பஞ்சாயத்து. அப்பாவும் அம்மாவும் திருவனந்தபுரத்தில், தம்பானூரில். அண்ணன் மஸ்கட்டில், நான் ஹூஸ்டனில். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை என்று அம்மா சொன்னதிலிருந்து அண்ணன் ஜெனரேட்டர் ஜெனரேட்டர் என்று குதிக்கிறார். நான் வேண்டாம் என்கிறேன். "உனக்குக் காசு கொடுக்க மனசில்லை" என்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது.

தம்பானூரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ரயில்வே ஸ்டேஷனும் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டும் எதிரெதிரே இருக்கும் அந்த இடம் ஒரு கிண்ணம் மாதிரி. சுற்றியுள்ள மேட்டுத் தண்ணீரெல்லாம் அங்கேதான் இறங்கும். அதை வெளியே கொண்டுபோக வேண்டிய ஆமயிழஞ்சான் தோடு, ரயில்வே ஸ்டேஷனுக்கு அடியில் குகைபோலப் புகுந்து போகிறது. 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்று பெரிய அளவில் ஆக்கிரமிப்பு அகற்றி வடிகால்களைச் சுத்தம் செய்தார்கள். அப்படியும் 2024 ஜூலையில் அதே குகையில் குப்பை அள்ள இறங்கிய ஒரு தொழிலாளி உயிரோடு திரும்பவில்லை. தோட்டின் லட்சணம் அதுதான். நல்ல மழை பிடித்தால் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் கரண்ட் எப்போது மணிக்கணக்கில் போகிறது? மழையும் காற்றும் அடிக்கிற அன்றைக்குத்தான். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தபோது நாகர்கோவில் பக்கம் நம் சொந்தக்காரர்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தார்கள் என்று நினைவிருக்கும். ஜெனரேட்டர் தேவைப்படுவதே மழை ராத்திரியில். மழையில் ஜெனரேட்டரை வெளியே வைக்க முடியாது, ஷாக் அடிக்கும். கீழே வைக்க முடியாது, தண்ணீர் ஏறும். அப்போது என்ன செய்வார்கள்? கார் ஷெட்டுக்கு, வராந்தாவுக்கு, மாடிப்படி முகப்புக்கு இழுத்து வைப்பார்கள். ஆள் சாவது அங்கேதான். இது கவனக்குறைவால் நடப்பதில்லை. இடமில்லாத வீட்டில் வேறு எதுவும் செய்ய முடியாது என்பதால் நடக்கிறது.

அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது, அதுவும் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக. முதலில் தலைவலி, குமட்டல், அசதி. "பிரயாண அலுப்பு, சித்த படுத்துக்கறேன்" என்று படுப்பார்கள். எழுந்திருக்க மாட்டார்கள். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடையாது.

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை" என்பவர்களுக்கு: 2024 டிசம்பரில் கோழிக்கோடு ஜில்லா வடகரையில், ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் செத்துக் கிடந்தார்கள். ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியின் தரையில் இருந்த ஓட்டை வழியாகப் புகை உள்ளே வந்திருக்கிறது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் சோதித்தபோது, இரண்டு மணி நேரத்தில் உள்ளே 957 பி.பி.எம். கார்பன் மோனாக்சைடு. இங்கே அமெரிக்க வீடுகளில் மாட்டும் அலாரம் 400 பி.பி.எம். ஆனாலே கால் மணி நேரத்துக்குள் அலற வேண்டும் என்பது விதி. அந்த வண்டியில் அலற ஒன்றுமில்லை.

இன்னொன்று. 2020 ஜனவரியில் நேபாளத்துக்குச் சுற்றுலா போன மலையாளிகள் எட்டுப் பேர், அதில் நான்கு பேர் குழந்தைகள், விடுதி அறையிலேயே இறந்துபோனார்கள். ஐந்து பேர் திருவனந்தபுரத்துக் குடும்பம். அது ஜெனரேட்டர் இல்லை, கேஸ் ஹீட்டர். ஆனால் வாயு இதேதான். மூடிய அறை, தூக்கம், காலையில் கதவைத் தட்டினால் பதில் இல்லை.

"ஜன்னல் தொறந்துதானே கிடக்கு" என்பது அண்ணனின் வாதம். ஐயா, ஜன்னல் திறந்திருப்பதுதான் பிரச்சினையே! வராந்தாவில் ஓடும் ஜெனரேட்டரின் புகை அந்த ஜன்னல் வழியாகத்தான் படுக்கையறைக்கு வரும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வை, புகைக்குழாயை வீட்டுக்கு எதிர்ப்புறம் திருப்பு என்கிறது. தம்பானூரில் எங்கள் வீட்டிலிருந்து 20 அடி தள்ளினால் பக்கத்து வீட்டு மாமியின் படுக்கையறைக்குள் இருக்கும். நம் பாசத்துக்கு அவர் ஏன் மூச்சடைக்க வேண்டும்?

கடைக்காரர்கள் சொல்லும் 'சைலன்ட்' என்ற வார்த்தை வேறு. 2005 முதல் டீசல் ஜெனரேட்டர்களைச் சத்தம் அடக்கும் கூண்டோடுதான் விற்க வேண்டும், ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. நல்ல விதி. ஆனால் மக்கள் என்ன புரிந்துகொள்கிறார்கள்? சத்தமில்லை, ஆகவே உள்ளே வைக்கலாம்! கூண்டு அடக்குவது சத்தத்தை மட்டும்தான். புகை பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

ஹூஸ்டனில் இருக்கும் நாமும் பெரிய யோக்கியர்கள் இல்லை. 2024 ஜூலை 8-ல் பெரில் புயல் அடித்து 22 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனபோது, ஜெனரேட்டரை கராஜில் வைத்துக் கதவைப் பாதி திறந்து ஓட்டியவர்களில் நம்மவர்களும் உண்டு. 2020-ல் லாரா புயலுக்குப் பிறகு பக்கத்து மாநிலத்து லேக் சார்ல்ஸில், கராஜில் ஓடிய ஜெனரேட்டரால் ஒரே வீட்டில் பலர் இறந்தார்கள். புயலுக்குத் தப்பிய வீடு அது.

புகை விஷயம் இது. வயர் விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் அதில் சாகிறவர் யாரோ. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயரை எடுத்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவர் சாக்கெட்டிலும் சொருகிவிட்டால் வீடு முழுக்க எரியும் என்று சொல்லிக்கொடுக்கும் எலக்ட்ரீஷியன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மெயினை அணைக்க மறந்தால் உங்கள் வீட்டு 230 வோல்ட் தெருக் கம்பிக்குப் போகும். கரண்ட் இல்லை என்று நம்பிப் போஸ்ட்டில் ஏறி நிற்கும் கே.எஸ்.இ.பி. லைன்மேன் அதைத்தான் தொடுவார். டிரான்ஸ்ஃபார்மர் வழியே பின்னோக்கி ஏறினால் அந்தப் பக்கம் 11,000 வோல்ட். கொட்டுகிற மழையில், நமக்காகக் கம்பி கட்ட வந்த மனுஷன். அவர் செத்தால் அதை 'விபத்து' என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்தால் லைனும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் வீட்டோடு சேரவே முடியாது. மெஷின் விலையோடு பார்த்தால் அது ஒரு விலையே இல்லை. அதில் மிச்சம் பிடிப்பதற்குப் பெயர் சிக்கனமா?

"அப்போ வயசான காலத்துல இருட்டுல கிடக்கச் சொல்றியா?" நியாயமான கேள்வி. கணக்குப் போடுவோம். சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர். அதாவது 1800 வாட் ஹவர். இழப்பெல்லாம் போக 1200 என்று வையுங்கள். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மூன்று, 9 வாட் எல்.இ.டி. பல்பு ஐந்து, இன்டர்நெட் பெட்டி 10 வாட். மொத்தம் 145 வாட். எட்டு மணி நேரம் ஓடும். ஒரு முழு ராத்திரி! கயிறு இழுக்க வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், புகையில்லை. பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வைத்துத் தண்ணீர் அளவு பார்த்தால் போதும். ஃப்ரிட்ஜ் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். மீன் குழம்பு ஒரு நாள் வீணானால் போகட்டும்.

உண்மையிலேயே இடம் இருக்கிறவர்கள், மூச்சுக் கருவி போலக் கட்டாயத் தேவை உள்ளவர்கள் வாங்குங்கள். ஆனால் மெஷினுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்:

1. ஜன்னல்களிலிருந்து 20 அடி தள்ளி, வெள்ளம் ஏறாத மேடை. மேலே கூரை, நாலு பக்கமும் திறப்பு.
2. லைசென்ஸ் உள்ள ஆளை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச், எர்த்.
3. ஓடும்போதும் சூடாக இருக்கும்போதும் பெட்ரோல் ஊற்றக்கூடாது. கேனை அடுக்களையில் வைக்கக்கூடாது.
4. மாதம் ஒருமுறை லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பர் 29 ராத்திரி திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியே மூன்று மணி நேரம் இருட்டில் கிடந்தது, ஜெனரேட்டர் இருந்தும். பிரசவ ஆஸ்பத்திரிக்கே அந்தக் கதி என்றால் வீட்டு மெஷின் எம்மாத்திரம்.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை, லீவு பத்து நாள்தான் என்றால், அந்த மெஷினை வாங்கவும் உங்களுக்கு நேரமில்லை என்று அர்த்தம்.

ஏற்கெனவே வாங்கிக் கொடுத்தவர்கள் இன்றைக்கே போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். மழை பெய்தால் அதை எங்கே வைப்பீர்கள்? வீட்டோடு எப்படிக் கோர்த்திருக்கிறது? ஓடும்போது யாருக்காவது தலைவலி வந்ததா? மூன்றாவதற்கு "ஆமா" என்று பதில் வந்தால், வேறு எதுவும் பேசாமல் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

பி.கு: அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது சாக்லேட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. அப்பா இன்வெர்ட்டருக்குச் சரி சொல்லிவிட்டார்.