பழஞ்சக்கரம் பேணல்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன், இலக்கிய ஆராய்ச்சியை ஒருபால் வைத்துவிட்டுத் துவிசக்கர வண்டியின் சக்கரத்தைப் பற்றி எழுதப் புகுவது நண்பர் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆழி என்றும், திகிரி என்றும், உருளி என்றும் அதற்குப் பெயர் பல இட்டு வழங்கிய நம் முன்னோர் சக்கரத்தைச் சிறுபொருளாக எண்ணினாரல்லர். அத்துணிவு பற்றியே யானும் எழுதலானேன். ஓட்டரங்குப் பந்தயங்களிற் பயன்படும் வட்டுச் சக்கரத்தைப் பிறர் கையினின்றும் பழையதாக வாங்கிப் பழுது நீக்கி ஆளுதல் தகுமா, தகாதா என்பதே யான் ஈண்டு ஆராயக் கருதியது.

வட்டுச் சக்கரம் இன்னதென முதற்கண் கூறுதல் முறையாகும். சக்கரத்தின் மேல்விளிம்பு, வண்டி செல்லும் வேகத்தினும் இருமடங்கு வேகமாக முன்னோக்கிச் செல்லும். ஆதலின், சாதாரணச் சக்கரத்தின் கம்பிகள் அவ்விடத்துக் காற்றைக் கலக்கி வீரனது ஆற்றலில் ஒரு பகுதியை வீணாக்குகின்றன. கம்பிகளை அறவே ஒழித்து, நடுவிலுள்ள ஹப் முதல் ரிம் வரை இருபுறமும் மூடிச் செய்தது வட்டுச் சக்கரம். எபாக்சிப் பசையில் தோய்ந்து இறுகிய கார்பன் நார்த் தோல்கள் இரண்டு; அவற்றினிடையே நுரைப்பொருள், அன்றித் தேனடை போன்ற சிற்றறைகள்; நடுவே அலுமினிய ஹப். இதுவே பெரும்பாலானவற்றின் அமைப்பு.

இதன் பெருமையை உலகம் நன்கறிந்தது 1984-ஆம் ஆண்டிலாகும். ஒரு மணி நேரத்தில் ஒருவர் தனித்தோடிக் கடக்கும் தூரத்தில், பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972-இல் நாட்டிய அளவு 49.431 கிலோமீட்டர். இத்தாலியரான பிரான்செஸ்கோ மோசர் 1984 ஜனவரித் திங்களில் மெக்சிகோ நகரத்தில் வட்டுச் சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏறி, 19-ஆம் நாள் 50.808 கிலோமீட்டரும், 23-ஆம் நாள் 51.151 கிலோமீட்டரும் ஓடினார். வெற்றி முழுதும் சக்கரத்தினுடையதே என்று யான் கூறேன். ஆயினும் அன்றுமுதல் ஓட்டரங்கில் வட்டுச் சக்கரம் இன்றியமையாததாயிற்று. கூரையிட்ட அரங்கிற் பக்கக்காற்றுத் தொல்லை இன்மையால், முன்னும் பின்னும் அதனைப் பூட்டுவாரும் உளர்.

இத்தகைய சக்கரத்தின் விலையோ மாணாக்கர் கைக்கு எட்டுவதன்று. ஆகவே எளியோர் பழஞ்சக்கரத்தை நாடுகின்றனர். இதுபற்றி இருதிறத்தார் வாதிடக் கேட்டிருக்கிறேன். ஒருசாரார், கார்பன் பொருளிற் காயம் உள்ளே மறைந்திருக்கும்; ஆதலாற் பழையது எதனையும் தொடலாகாது என்பர். மற்றொரு சாரார், சுற்றுகின்ற வரையிற் சுற்றட்டும். வெடிப்புக் கண்டால் மேலே பசை தடவினாற் போதும் என்பர். முன்னவர் சொல் எளியவனை அரங்கினின்று விலக்குகின்றது. பின்னவர் சொல் அவனைத் தளத்தில் வீழ்த்துகின்றது. இரண்டினையும் யான் உடன்படேன்.

என் தமையனார் தில்லியில் அலுவல் பார்ப்பவர். 2010-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுக்கென இந்திராகாந்தி விளையாட்டரங்கில் அமைத்த 250 மீட்டர் மரத்தளத்திற் பயில்பவர். சென்ற ஆண்டு அவர் பழைய வட்டுச் சக்கரம் ஒன்றை வாங்கி, விடுமுறைக்கு வருகையில் உடன் கொணர்ந்தார். எம் பாட்டியார் சந்தையிற் பானை வாங்குங்கால் விரலாற் சுண்டி ஓசை கேட்பார். அவ்வாறே தமையனார் ஒரு நாணயத்தைக் கொண்டு சக்கரத்தின் இருபுறமும் விரற்கடைக்கு விரற்கடை தட்டிக்கொண்டு வந்தார். எங்கும் ஓசை கணீரென்றிருந்தது. அழகிய வண்ணத்தாள் ஒட்டியிருந்த ஓரிடத்தில் மட்டும் மரத்தாற்போன்ற மந்த ஓசை எழுந்தது. தாளை உரித்துப் பார்த்தோம். ரிம்மை அடுத்து ஒரு சாண் நீளம் வெடிப்பு. அதன்மேற் பசை பூசித் தேய்த்து மெருகிட்டிருந்தனர். விற்றவர் அதுபற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தமையனார் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்பு அச்சக்கரத்தை எவரும் எடுத்து ஓட்டாதவாறு இரண்டாக அறுத்துப்போட்டார். நான்கு திங்கட் சேமிப்பு அதனோடு போயிற்று.

அந்நிகழ்ச்சிக்குப் பின்னும், பழையது வாங்கலாகாது என்று அவர் சொல்லவில்லை. எதனைத் திருத்தலாம், எதனைத் திருத்தலாகாது என்பதனையே எனக்கு விளக்கினார். அவர்பாற் கேட்டவற்றைச் சுருங்கக் கூறுவேன்.

திருத்தத் தக்கவை பல. பேரிங் தேய்ந்தால் மாற்றிவிடலாம். புதியதைப் பொருத்துங்கால் அதன் வெளிவளையத்தை மட்டுமே அழுத்துதல் வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் உருளைகள் அப்பொழுதே பழுதுறும். ஒட்டுடயர் பூட்டும் சக்கரங்களில், பொரிந்துபோன பழம்பசையை மரச்சீவுளியாற் பொறுமையுடன் சுரண்டுதல் வேண்டும். அசிட்டோன் முதலிய கரைப்பான்களை ஊற்றுவது மேற்பூச்சையும் பிசினையும் கெடுத்துவிடக்கூடும்; மிகுந்த சூடும் அத்தகையதே. புதுப்பசையை மெல்லிய பூச்சாகப் பன்முறை இட்டு, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் டயரை ஏற்றி, ஒரு நாளேனும் வாளா வைத்துப் பின்னரே ஓட்டுதல் நன்று. காற்றடிக்க விடப்பட்ட துளையின்மேல் ஒட்டும் தாள் கிழிந்தால் மாற்றிவிடுதல் எளிது.

ஹப்பின் மரையிற் கண்ணாயிருத்தல் வேண்டும். ஓட்டரங்கு வண்டிக்குப் பிரேக்கும் இல்லை. மிதியாது உருளும் வசதியும் இல்லை. வேகத்தைத் தணிக்க வீரன் காலால் எதிர்த்து அழுத்துவான். அப்பொழுது பின்பற்சக்கரம் கழலாதவாறு இடமரையுள்ள பூட்டு வளையம் பிடித்துக்கொள்கின்றது. அம்மரை மழுங்கியிருப்பின் அச்சக்கரத்தை நம்புதற்கில்லை. அலுமினிய ஹப்பும் கார்பன் தோலும் தொடுமிடத்தில் வியர்வையின் உப்புநீர் தங்கினால், அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாக உதிரும். ஓட்டம் முடிந்ததும் ஈரந்துடைத்து வைப்பார்க்கு இக்கேடு நேர்வது அரிது.

இனித் திருத்தலாகாதவை: ரிம்மின் வெடிப்பு, ஹப் ஒட்டு விட்டுப்போதல், தோல் அகலமாகப் பிரிந்துபோதல் ஆகிய இவை. இவற்றை அத்தொழில் பயின்றார் சோதித்துத் திருத்தலாம். நம்போல்வார் வீட்டுத் திண்ணையிற் பசைக்குப்பியுடன் அமர்ந்து செய்யத் தக்கனவல்ல. கார்பன் தூள் நுரையீரலுக்குத் தீங்காதலின், தேய்க்குங்கால் முகக்கவசமும் வேண்டும்.

இத்துணை அச்சம் எற்றுக்கு எனின், கூறுவேன். 250 மீட்டர் ஓட்டரங்குகளின் வளைவுகள் பெரும்பாலும் 40 பாகைக்கு மேற் சாய்ந்தவை. 2021-ஆம் ஆண்டு நடந்த தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டில், இசு ஓட்டரங்கில், ஆஸ்திரேலிய நால்வர் அணியில் ஒருவரது கைப்பிடி ஓட்டத்தினிடையே முறிய, அவர் முகங்குப்புற வீழ்ந்தார். செல்வமும் நிபுணரும் நிறைந்த அணிக்கே அது நேர்ந்ததெனின், மறைத்துப் பூசிய வெடிப்போடு ஓடுவான் கதி என்னாகும்? அவன் ஒருவன் வீழ்ந்தால் பின்வருவாரும் அவன்மேல் வீழ்வர். ஆதலின் பழுதை மறைத்து விற்பது வாணிக வஞ்சனை என்ற அளவில் நிற்பதன்று. பிறர் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

எனினும் பழமையை இகழ்வார்க்கும் ஒரு சான்று உண்டு. ஸ்காத்லாந்து வீரர் கிரேயம் ஓப்ரீ தாமே ஒரு வண்டி செய்தார். சலவை இயந்திரத்தின் பேரிங் அதிற் பயன்பட்டது. 1993 ஜூலையில் நார்வே நாட்டு ஹாமர் நகரில் மோசரின் அளவைக் கடக்க முயன்றபொழுது, அவ்வண்டியின் மாதிரியாகப் புதிதாய்ச் செய்த வண்டியில் ஏறித் தோற்றார். மறுநாட் காலை தம் பழைய வண்டியிலேயே ஏறி 51.596 கிலோமீட்டர் ஓடி வென்றார். தம் கையாற் செய்து, ஒவ்வோர் உறுப்பின் இயல்பையும் அறிந்திருந்த வண்டி அது. பொருளின் வயதைவிட அதனை அறிந்திருத்தலே பெரிதென்பது இதனாற் புலப்படும்.

ஆகவே என் கருத்து இது. ஒவ்வொரு வட்டுச் சக்கரத்துடனும் ஒரு சிறு குறிப்பேடு செல்லுதல் வேண்டும். எந்நாள் வாங்கப்பட்டது, எந்நாள் வீழ்ந்தது, எங்கே திருத்தப்பட்டது, பேரிங் எப்பொழுது மாறியது என்பனவற்றை உடையவன் தன் கையால் எழுதி, விற்குங்கால் அதனையும் உடன் கொடுத்தல் வேண்டும். குறிப்பேடு இல்லாத சக்கரத்தை மலிவென்று மயங்கி வாங்காதிருப்பது வாங்குவோன் கடமை. சைக்கிள் கழகங்கள் இவ்வாறு சோதித்த பழஞ்சக்கரங்கள் சிலவற்றைப் பொதுவில் வைத்து இளைஞர்க்கு இரவலாக வழங்குமாயின், வறுமை காரணமாக அரங்கின் வாயிலில் நின்று திரும்பும் வீரர் தொகை குறையும்.

தமையனார் இப்பொழுது வேறொரு பழஞ்சக்கரம் வாங்கியுள்ளார். அதனை விற்றவர், ஓரிடத்திற் சிராய்ப்பு உண்டென்று கேளாமுன்னரே காட்டி, விலையையும் குறைத்துக்கொண்டாராம். அச்சக்கரத்துக்கு யான் ஒரு குறிப்பேடு தைத்துக் கொடுத்துள்ளேன். அதன் முதற்பக்கத்தில் அச்சிராய்ப்பே எழுதப்பட்டுள்ளது.