உளி பிடித்தவர் கற்பிக்கவும் பழக வேண்டும்

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்குக் கற்றுத்தரும் இளைஞர்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். கடலைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால், பிறருக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கென்றே சர்வதேச அலைச்சறுக்குச் சங்கம் தனிப் படிப்பு நடத்துகிறது. எதை முதலில் சொல்வது, பயந்தவரை எப்படித் தேற்றுவது, ஆபத்தை எப்படி முன்கூட்டியே கணிப்பது என்று கற்பிக்கும் முறையே அங்கு பாடம்.

கரையேறிச் சிற்பக் கூடங்களுக்கு வந்தால் இந்தத் தெளிவு இல்லை. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1957-ல் பயிற்சி நிலையமாகத் தொடங்கிய அங்குள்ள சிற்பக் கல்லூரி இன்று பட்டமே வழங்குகிறது. இருந்தும், நல்ல சிற்பி என்றால் நல்ல ஆசிரியராகவும் இருப்பார் என்றே பெரும்பாலும் நம்புகிறோம். உளியை எந்தச் சாய்வில் பிடிக்கிறோம், கல்லின் ஓசையில் எதைக் கேட்கிறோம் என்பதெல்லாம் முப்பது ஆண்டு அனுபவத்தில் அவருடைய கைக்குள் போய்விட்டவை. அவற்றைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்ல வராது. சிறு வயதில் பட்டறையில் எடுபிடியாக இருந்து பார்த்துப் பார்த்தே கற்றவர் அவர். தன்னிடம் வருபவரும் அப்படியே கற்கட்டும் என்று எதிர்பார்ப்பார்.

ஆனால், இப்போது வருபவர்கள் சிறுவர்கள் அல்லர். 2025 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 25 தொழில்களுக்குக் கடனும் மானியமும் பயிற்சியும் தருகிறது; அதில் சேரக் குறைந்தபட்ச வயதே 35. குடும்பச் சுமையோடு, அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து உட்காருகிறார் ஒருவர். அவருக்கென்று ஒரு கைப்பழக்கம் ஏற்கெனவே உண்டு. பத்துப் பேர் முன்னால் அதட்டினால் மறுநாள் வரமாட்டார். வளர்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தின் மேல்தான் புதியதைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் வலியுறுத்தியது இவர்களுக்கு அப்படியே பொருந்தும். கற்க வருபவருக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்பதும், மானம் போகாமல் திருத்துவதும் பயின்று பெற வேண்டிய திறன்கள்.

இதற்கு வழியில்லாமல் இல்லை. கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் ஐடிஐ பயிற்றுநர்களுக்கு ஓராண்டுப் படிப்பு நடத்துகிறது. கற்பிக்கும் முறை அதில் ஒரு முக்கியப் பகுதி. ஆனால், வேலையை விட்டுவிட்டு ஓராண்டு படிக்கப் பட்டறைச் சிற்பியால் முடியாது. ஆகவே, கிண்டி நிறுவனமும் மாமல்லபுரம் கல்லூரியும் சேர்ந்து, வளர்ந்தவர்களுக்குக் கற்பிப்பதை மையமாக வைத்து, சில வாரப் பயிற்சியை உருவாக்கலாம். அந்த நாள்களுக்கான கூலியை அரசு கொடுக்க வேண்டும். கைவினைத் திட்டத்தின் அடுத்த பயிற்சி வகுப்புகளுக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும்.