ஆகுமானது கடமையன்று

மேலப்பாளையமாயினும் கடையநல்லூராயினும், காது கேளாத குழந்தை பிறந்துவிட்டால் பெற்றவள் மீதே பழி போடுகிறோம். இது எந்த ஊர் நியாயம்? பரம்பரைச் செவிட்டில் பெரும்பகுதி, தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை பிள்ளையிடம் ஒன்றுசேர்வதால் வருவது. இருவரும் அதைச் சுமந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு அபாயம். மாமு மகளுக்கும் மாமி மகனுக்கும் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொது.

அக்காள் மகளை மணக்க மார்க்கம் தடுத்தது. மாமு மகளை அனுமதித்தது, கட்டளையிடவில்லை. தாமிரபரணிப் பாசன வயல் கைமாறக்கூடாதென்பது நமது கட்டளை!

சவூதி அரேபியாவிலேயே 2004 முதல் நிக்காஹ்வுக்கு முன் தலசீமியாவுக்கு இரத்தப் பரிசோதனை கட்டாயம். நாமோ நகை பேசுவோம், சீர் பேசுவோம். பரிசோதனை என்றால் மட்டும் குடும்ப மானம் போய்விடுமாம்.