காற்புள்ளியும் கண்ணியமும்

எங்கள் கல்லூரியின் தாவரவியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், ஆய்விதழ் ஒன்றிலிருந்து திரும்பிவந்த தம் கட்டுரையோடு என்னைக் காண வந்தார். அறிவியல் கட்டுரைக்குத் தமிழாசிரியனிடம் என்ன வேலை என்று வியந்தேன். இதழார் சுட்டியிருந்த குறைகள் பதினொன்று. பதினொன்றும் துணைநூற்பட்டியலைப் பற்றியவை. ஆண்டுக்குப் பின் முற்றுப்புள்ளி இல்லை. இதழின் பெயர் சாய்வெழுத்தில் இல்லை. தொகுதி எண் தடித்த எழுத்தில் இல்லை. "புள்ளிகளைப் பற்றி நீங்கள்தானே ஐயா பாடம் நடத்துவீர்கள்?" என்றார். இருவரும் சிரித்தோம். ஆயினும் சிரித்துக் கடந்துவிடக்கூடிய செய்தியன்று அது. அவர் செய்த சோதனைகளைப் பற்றியோ, மேற்கோள் காட்டிய கட்டுரைகள் அவர் கூறுவதைத்தான் கூறுகின்றனவா என்பதைப் பற்றியோ அக்கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

மேற்கோள் எதற்காக? இவ்வினாவுக்குத் தமிழ் படித்தவர்கள் விடை தேடி வெளியே போக வேண்டியதில்லை. சீவக சிந்தாமணிக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர், பழம்பாடல் அடிகளை எடுத்துக்காட்டி, பிறரும் இவ்வாறு கூறினர் என்ற அளவில் பலவிடங்களில் நிறுத்திக்கொள்கிறார். அந்தப் பிறர் யார், எந்த நூலினர் என்பதைக் கண்டறிய உ.வே. சாமிநாதையர் ஏடு ஏடாகத் தேடினார். அத்தேடலில்தான் சங்க நூல்கள் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. 1887இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பின் பின்னால் அவ்வுழைப்பு நிற்கிறது. மேற்கோளின் மூலத்தைச் சொல்வது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? ஆகவே, ஒழுங்கே வேண்டாம் என்று வாதிட நான் வரவில்லை. மூலத்தைத் தேடிச் செல்பவனுக்கு வழிகாட்டுவதே மேற்கோளின் பயன். அதற்கு மிஞ்சியவை அணிகலன்கள் என்பதே என் வாதம்.

வரலாறும் அதையே காட்டுகிறது. ஹார்வர்டு முறை என்று இன்று வழங்குவதன் தொடக்கத்தை, எட்வர்டு லாரன்ஸ் மார்க் என்னும் விலங்கியலார் ஓடில்லா நத்தையைப் பற்றி 1881இல் எழுதிய கட்டுரையில் காண்கிறார்கள். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குள் இட்டார். படிப்பவருக்கு எளிதாயிற்று, அவ்வளவே. 1978இல் மருத்துவ இதழாசிரியர் சிலர் வான்கூவர் நகரில் கூடியதும், இதழுக்கு ஒரு முறை என்னும் தொல்லையைக் குறைக்கத்தான். விளைந்தது என்ன? சொடேரோ என்னும் மென்பொருளின் களஞ்சியத்தில் இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ் நடைகள் உள்ளன! அமெரிக்க உளவியல் கழகத்தின் நெறிமுறை 1929இல் ஏழு பக்கக் கட்டுரையாகப் பிறந்தது. 2019இல் வந்த ஏழாம் பதிப்பு நானூறு பக்கங்களைக் கடந்த நூல். அதுவரை கட்டாயமாயிருந்த 'பதிப்பித்த ஊர்' அந்த ஏழாம் பதிப்பில் நீக்கப்பட்டது. முன்னாளில் ஊர்ப் பெயரை விட்டதற்காகத் திருப்பியனுப்பப்பட்ட கட்டுரைகளுக்கு யார் விடை சொல்வது?

வடிவம் செம்மையாக இருந்தால் உள்ளடக்கமும் செம்மையாக இருக்கும் என்பது இவர்களின் நம்பிக்கை. எல்செவியர் பதிப்பகத்தின் மாதிரிப் படிவத்தில், பட்டியலை எப்படி அமைப்பது என்று காட்டுவதற்காக, அறிவியல் கட்டுரை எழுதும் கலை என்ற பொருள்படும் தலைப்பில் 2000ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று எடுத்துக்காட்டாக இடப்பட்டிருந்தது. அப்படியொரு கட்டுரை கிடையாது. அப்பெயரில் அந்த இதழும் கிடையாது. ஆயினும் அது ஏறத்தாழ நானூறு முறை மேற்கோளாக ஆளப்பட்டிருப்பதை ஆன்-வில் ஹார்சிங் 2017இல் எடுத்துக்காட்டினார். அந்தப் பட்டியல்களில் புள்ளிகளைத் திருத்திய கைகளுள் ஒன்றேனும் கட்டுரையைத் தேடிப் பார்த்ததா?

2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இருவர், சாட்ஜிபிடி புனைந்துகொடுத்த, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதத்துக்கு உள்ளாயினர். அம்மேற்கோள்களின் வடிவம் பார்வைக்கு மெய்யானவை போலவே இருந்தது. பொய்யும் இலக்கணப் பிழையின்றிப் பேசக் கற்றுக்கொண்ட காலம் இது. காற்புள்ளியைக் காவலுக்கு நிறுத்தினால், களவு அதற்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போகும்.

இன்னொன்று உண்டு, அது நம் பெயர்களைப் பற்றியது. தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தையின் பெயரே முன்னெழுத்தாக நிற்கிறது. பல இதழ்களின் இணையப் படிவத்திலோ 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே நகர முடியாது. செல்வத்தின் மகள் மலர்விழி, வேறு வழியின்றித் தந்தையின் பெயரை அங்கே இடுகிறார். பட்டியலில் 'செல்வம், ம.' என்று அச்சாகிறது. ஆய்வுக்கூடத்தின் வாசலையே மிதித்தறியாத தந்தை ஆய்வாளராகிறார். உழைத்த மகள் ஒற்றை எழுத்தாகச் சுருங்குகிறார். அடுத்த கட்டுரையில் 'மலர்விழி, செ.' என்று வந்தால், ஒருவரே இருவராகிறார். வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் தந்தையின் பெயரை முன்னால் வைத்திருந்தமையால் தம் பெயராலேயே அறியப்பட்டார். எல்லோருக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. புள்ளி பிறழ்ந்தால் பதறுகிறவர்கள், ஆள் பிறழ்வதைப் பொருட்படுத்துவதில்லை.

ஒரே சீராக இருந்தால்தானே கணினியால் தொகுக்க இயலும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அதற்குத்தான் 2000ஆம் ஆண்டிலிருந்து டி.ஓ.ஐ. எனப்படும் நிலைத்த அடையாள எண் இருக்கிறதே! அவ்வெண் உள்ள கட்டுரைக்கு, இதழ் விரும்பும் எந்த ஒப்பனையையும் மென்பொருள் நொடியில் செய்துகொடுக்கும். எண் இல்லாத பழைய தமிழ் நூல்களுக்குத்தான் மனிதரின் கவனம் வேண்டும். பதிப்பு, அச்சகம், ஊர், பாட்டெண் ஆகியவற்றை அங்கே விடாமல் தரவேண்டும். இயந்திரம் செய்யவேண்டியதை மாணவரும், மாணவர் செய்யவேண்டியதை ஒருவருமே செய்யாமலும் இருப்பதுதான் இன்றைய நிலை.

முதல் பார்வைக்கு எந்த வடிவிலும் கட்டுரையை ஏற்கும் வழக்கத்தைச் சில இதழ்கள் 2011ஆம் ஆண்டளவிலேயே தொடங்கிவிட்டன. அதை நம் பல்கலைக்கழகங்களும் இதழ்களும் பின்பற்றட்டும். மிச்சமாகும் நேரத்தில், பட்டியலில் ஐந்து மேற்கோள்களையேனும் எடுத்து, மூலத்தைத் திறந்து படித்துச் சரிபார்க்கட்டும். நெறியாளராகிய நாமும், "பட்டியலைச் சரிசெய்துவிட்டாயா?" என்று கேட்பதை விடுத்து, "இவற்றையெல்லாம் படித்தாயா?" என்று கேட்கத் தொடங்குவோம்.

அம்மாணவி பதினொரு திருத்தங்களையும் செய்து அனுப்பிவிட்டார். பட்டியலிலுள்ள நூல்களை அவர் படித்திருக்கிறாரா என்று இதுவரை எவரும் கேட்கவில்லை. அன்றைக்கு நானும் கேட்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.