தங்கிய நேரம் தரத்தைச் சொல்லாது

இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்ததுமே கணக்கு தொடங்கிவிடுகிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதும் பதிவாகிறது. எந்தச் செய்தியை முகப்பில் வைப்பது, எந்தக் காணொளியைப் பரிந்துரைப்பது, விளம்பரத்தை எங்கே போடுவது என்ற முடிவுகளில் இன்று அந்த எண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு. நேரத்தை அளப்பதில் தவறில்லை. அந்த அளவையே தரத்துக்குச் சான்றாகவும் தொழிலின் இலக்காகவும் ஆக்கியதுதான் தவறு.

அந்த எண் கிடைக்கும் விதத்தைப் பார்த்தாலே அதன் பலவீனம் புரியும். நெடுங்காலம் வழக்கில் இருந்த முறை வெறும் கழித்தல் கணக்கு. ஒருவர் ஒரு பக்கத்தை 10 மணிக்குத் திறந்து, அதே தளத்தின் அடுத்த பக்கத்துக்கு 10.04-க்குப் போனால், முதல் பக்கத்தில் 4 நிமிடம் இருந்ததாகப் பொருள். வேறு பக்கம் எதையும் திறக்காமல் வெளியேறினால், கழிப்பதற்கு இரண்டாவது நேரமே இருக்காது. ஆகவே, ஒரேயொரு நீண்ட கட்டுரையைக் கால் மணி நேரம் ஊன்றிப் படித்துவிட்டுப் போனவரின் வருகை, வருகைகளை அளக்கும் கருவியாக 2023 வரை பரவலாகப் பயன்பட்ட பழைய கூகுள் அனலிடிக்ஸில் பெரும்பாலும் பூஜ்யம் விநாடி என்றே பதிவானது. புதிய பதிப்பு, பக்கம் திரையில் முன்னால் இருக்கும் நேரத்தை எண்ணுகிறது. இது முன்னேற்றம்தான். ஆனால், 10 விநாடிக்கு மேல் நீடித்தாலே அதை ஈடுபாடுள்ள வருகை என்று அது வகைப்படுத்திவிடுகிறது. திறந்திருந்த பக்கத்தை ஒருவர் படித்தாரா, புரியாமல் திணறினாரா, கைப்பேசியை வைத்துவிட்டு எழுந்து போனாரா என்பதை அந்த எண் சொல்வதில்லை. பெரிய நிறுவனங்களின் கணக்கும் பிசகுகிறது. 3 விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை விட்டுவிட்டுச் சராசரி போட்டதால், காணொளிகள் பார்க்கப்படும் நேரத்தை மிகைப்படுத்திக் காட்டிவிட்டதாக ஃபேஸ்புக் 2016-இல் ஒப்புக்கொண்டது.

கிளிக்குகளை மட்டும் எண்ணிய காலம் இதைவிட மோசமல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏமாற்றுத் தலைப்புகளும் பொய்யான முகப்புப் படங்களும் கொழித்தது அந்தக் காலத்தில்தான். அதைச் சரிசெய்யவே 2012-இல் யூடியூப், பார்வைகளின் எண்ணிக்கையைவிடப் பார்க்கப்பட்ட நேரத்துக்கு முதலிடம் கொடுத்தது. ஆனால், ஏமாற்றைத் தடுக்க வந்த அளவுகோல் விரைவிலேயே துரத்திப் பிடிக்க வேண்டிய இலக்கானது. ஒரு நாளைக்கு 100 கோடி மணி நேரம் என்ற எல்லையை யூடியூப் 2016-இல் தொட்டது. இலக்கு நேரமாக இருக்கும்போது, ஒரு வரியில் சொல்லக்கூடிய பதிலைப் பத்துப் பத்திகளுக்குக் கீழே ஒளித்துவைப்பது லாபமாகிறது. ஒன்று முடிந்ததுமே அடுத்த காணொளியைத் தானாக ஓடவிடுவதும் லாபமாகிறது. 2018 தொடக்கத்தில், வேகமாகப் பரவும் காணொளிகளைக் குறைத்துக் காட்டியதால் மக்கள் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சுமார் 5 கோடி மணி நேரம் குறைந்ததாக ஃபேஸ்புக்கே அறிவித்தது. மக்களின் நலனுக்காகவே அப்படிச் செய்ததாகவும் சொன்னது. கூடுதல் நேரம் கூடுதல் பயன் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

பொதுச் சேவைத் தளங்களில் இந்த அளவுகோல் தலைகீழாகிவிடுகிறது. ரேஷன் கடை வரிசையில் மக்கள் நின்ற நேரத்தைக் காட்டி, கடை சிறப்பாக நடக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தேர்வு முடிவு பார்க்கவோ, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவோ வந்தவர் ஒரு நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினால் அதுவே வெற்றி. அங்கே அளக்க வேண்டியது, வந்த வேலை முடிந்ததா என்பதைத்தான்.

பெயரில்லாமல் மொத்தமாகச் சேகரிக்கும் எண்களால் யாருக்கு என்ன கெடுதல் என்பது இன்னொரு வாதம். உண்மையிலேயே மொத்தமாக மட்டும் சேகரித்தால் கெடுதல் குறைவுதான். எங்கே வாசகர்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கண்டு எழுத்தைத் திருத்த அது உதவும். ஆனால், இந்த நேரக் கணக்கு ஒருவரின் பயனர் கணக்கோடோ, அவரை அடையாளம் காண உலாவியில் பதியப்படும் குக்கியோடோ சேரும்போது நிலைமை மாறுகிறது. கிளிக் செய்வது தெரிந்தே செய்யும் செயல். ஒரு நோயைப் பற்றிய பக்கத்திலோ, கடன் பற்றிய விளம்பரத்திலோ சற்று அதிகமாக நின்றுவிடுவது அப்படியல்ல. ஒருவர் சொல்ல விரும்பாத பயத்தையும் நெருக்கடியையும் அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. 2023-இல் இயற்றப்பட்ட இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதற்குப் பொதுவாகத் தடை விதிக்கிறது. சிறாருக்குத் தீங்கு என்று சட்டமே கருதுகிற ஒன்று, 18 வயது நிறைந்த மறுநாளே தீங்கற்றதாகிவிடாது.

விளம்பரம் இல்லாமல் இலவசச் செய்தி ஏது என்பது உண்மையான கவலை. ஆனால், இழுத்துப் பிடித்து உட்காரவைத்த வாசகர் எரிச்சலோடு போகிறார். பயன்பெற்றவரே தானாகத் திரும்பி வருகிறார், சந்தாவும் கட்டுகிறார். எனவே ஊடகங்கள், மீண்டும் வருகிற வாசகர்களையும் கடைசி வரை படித்தவர்களையும் நேரத்தைவிட மேலாக மதிக்க வேண்டும். தளங்கள், நேரத்தை அளப்பதை எளிய மொழியில் அறிவித்து, வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஒரே சொடுக்கில் தர வேண்டும். அரசு, தன் சொந்தத் தளங்களிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும். வாசகரின் நேரம் வாசகருக்கே சொந்தம். அதைக் குறைவாக எடுத்துக்கொண்டு நிறைவாகத் திருப்பித் தருவதுதான் நல்ல எழுத்துக்கும் நல்ல சேவைக்கும் இலக்கணம்.