ஈயை விடுங்க, பொணத்தைப் பாருங்க

தடயவியல்னு யாராவது வாயைத் திறந்தா போதும், அந்தச் சீனத்து ஈக் கதை வந்துடும். கொலை நடந்துச்சாம், ஊர்ல எல்லாரோட கதிரருவாளையும் வரிசையா வைக்கச் சொன்னாங்களாம், ஒண்ணுல மட்டும் ஈ மொய்ச்சுதாம், கொலைகாரன் சிக்கிட்டானாம். 'ஆஹா, என்ன மூளை!'ன்னு கைதட்டல் வேற. எனக்குக் கடுப்பாத்தான் வருது. முக்கியமான பாதியை முழுங்கிடறாங்கய்யா!

அந்தக் கதை இருக்கறது 1247ல சோங் ட்சு எழுதின 'ஷி யுவான் சி லு'வுல. பொய்ப்பழியைக் கழுவறதுன்னு அர்த்தம். பிணப் பரிசோதனை பண்ற அதிகாரிகளுக்கான கையேடு. துப்பறிஞ்சவர் சோங் ட்சுவும் இல்லை, பேர் தெரியாத வேறொரு அதிகாரி. அவர் முதல்ல பார்த்தது பிணத்தை. வழிப்பறியோன்னுதான் சந்தேகம். ஆனா உடைமை எல்லாம் அப்படியே இருக்கு, உடம்புல 10க்கும் மேல வெட்டு. காசுக்கு வந்த திருடன் எதுக்கு இத்தனை தடவை வெட்டணும்? பகைதான்னு அங்கயே முடிவு பண்ணிட்டார். அப்புறம் மனைவிகிட்ட விசாரிச்சு, கடன் கேட்டுக் கிடைக்காத ஒருத்தனைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டார். 70, 80 அருவாளும் ஈயும் அதுக்கப்புறம்தான்.

லாக்கைத் திறந்தே பார்க்காம 'யாருய்யா கோடை மாத்தினது?'ன்னு கத்தற மேனேஜரை நாம பார்த்திருக்கோம். அங்க போறது ஒரு ராத்திரித் தூக்கம். சோங் ட்சு காலத்துல அடிச்சு வாக்குமூலம் வாங்கறது சட்டப்படியே செல்லும். முதல் பரிசோதனை தப்பினா அப்பாவியோட தலை போயிடும். அதனாலதான் மனுஷன் கறாரா எழுதறார்: நாத்தத்துக்குப் பயந்து தள்ளி உக்காராதே, எடுபிடிங்ககிட்ட விட்டுடாதே, மறைவிடத்தை மூட விடாதே, உச்சந்தலையில ஆணி இறங்கியிருக்கான்னு பாரு.

'அந்தக் காலத்துலயே எல்லாம் தெரியும்'னு ஜல்லியடிக்கற கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. அதே புத்தகம் மனுஷனுக்கு 365 எலும்புங்குது. செத்தவர் எலும்புல பிள்ளையோட ரத்தத்தை விட்டா உள்ளே இறங்கும், அதுதான் உறவுக்குச் சாட்சிங்குது. ரெண்டும் தப்பு. பிணத்தை அறுத்துப் பார்க்கவும் அதுல வழி இல்லை. இத்தாலியில, பொலோனாவுல, 1302ல விஷச் சந்தேகத்துக்காக ஒரு உடம்பை அறுத்தே பார்த்தாங்க.

அந்த எலும்புக் கணக்கு எல்லாம் காலாவதி ஆயிடுச்சு. மூக்கைப் பொத்திக்காம கிட்டப் போய்க் குனிஞ்சு பாருங்கற விதி மட்டும் ஆகலை. அடுத்த தடவை ஈக் கதை சொல்றப்ப, அந்தப் பத்து வெட்டையும் சேர்த்துச் சொல்லுங்க சாமிகளா!